நாலாம் கமரா

"உந்த விளக்குமாத்தைக் கீழை வைச்சிட்டு நான் சொல்லுறதைக் கேள்" என்றாள் தக்சாயினி.

உதயகலா தன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். கேற்றடியில் கொட்டிக் கிடந்த வேப்பஞ் சருகைப் பாதிதான் கூட்டியிருந்தாள். போன் இடக்காதோடு இருந்தது. முகம் பார்த்துக் கதைக்கும் அழைப்பல்ல, வெறும் குரல்தான். ஒழுங்கையின் மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். நீர்வேலியின் அந்தக் காலைப்பொழுதில் அங்கே ஒரு நாய்கூட இல்லை. தக்சாயினி கனடாவில் இருப்பவள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இந்த ஊர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனவள்.

"என்ரை கையிலை விளக்குமாறு இருக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதைச் சொல்லத்தான் எடுத்தனான். பச்சைச் சட்டை போட்டிருக்கிறாய். தலை இன்னும் இழுக்கேல்லை." தக்சாயினியின் குரல் தாழ்ந்தது. "இவர் குளிக்கப் போயிட்டார். அவரின்ரை போனிலை பாத்துக்கொண்டுதான் கதைக்கிறன். கலா, கோவிக்காதை. இண்டைக்கே உங்கடை கிணத்தடியைச் சுத்தி எதையாவது கட்டு. தகரமோ, கிடுகோ, பழைய சீலையோ, என்னவெண்டாலும்."

உதயகலா அண்ணாந்து பார்த்தாள். ஒழுங்கை முடக்கில் நின்ற மின்கம்பத்தின் நடுவுக்குச் சற்று மேலே வெள்ளையாக, ஒரு சிறுபிள்ளையின் தலையளவில், அந்தக் கமரா இருந்தது. தை மாதத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம் பூட்டியது. கோயிலடியில் ஒன்று, பள்ளிக்கூடச் சந்தியில் ஒன்று, வாசிகசாலையடியில் ஒன்று, நாலாவது இங்கே. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய காசு. திறப்பு விழாவன்று அவளும் நின்று எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தாள். மோட்டார் சைக்கிளில் வாளோடு வந்தவர்கள் சங்கச் செயலாளர் சீவரத்தினத்தின் மனைவியின் கழுத்தில் வாளை வைத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனதற்குப் பிறகு, கமரா வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒரு வாயும் இருக்கவில்லை. ஆனால் ஆள் நடமாட்டமே குறைந்த தங்கள் ஒழுங்கைக்கு ஏன் ஒன்று என்று அப்போதே அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை.

கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே வந்து கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பார்த்தாள். வேலிக்கு மேலால் கமரா நேராக அவளைப் பார்த்தது.

யதுசன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். கமராக்களைப் பூட்டியதும் அவன்தான். உதயகலா கேட்டதும், பெரிய விசயமில்லை என்பதுபோலத் தன் போனைத் திறந்து மேசையில் வைத்தான். படம் தெளிவாக இருந்தது. ஒழுங்கை ஓர் ஓரமாகத் தெரிந்தது. மீதியெல்லாம் அவளுடைய வளவு. குசினிக் கதவு, கொடியில் காயும் உடுப்பு, வாழைத் தோட்டத்துக்குப் போகும் பின்பாதை, கிணறு. கிணற்றுத் தொட்டியடியில் குனிந்து சின்னத்தங்கம் மச்சாள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து பார்க்க அவள் ஆளே சிறுத்துப்போயிருந்தாள். முழங்காலுக்கு மேல் சீலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நரைத்த குடுமி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. யதுசன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டக் கொண்டுபோன விரல்களை அப்படியே எடுத்து, போனைக் கவிழ்த்து வைத்தான்.

"நான் பூட்டேக்கை றோட்டைப் பாக்கத்தான் வைச்சனான் அக்கா. சத்தியமா."

"பிறகு ஆர் திருப்பினது?"

"போனிலை இருந்தே திருப்பலாம். பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆரும் திருப்பலாம்."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"நான் சீவரத்தினம் ஐயாட்டைத்தான் குடுத்தன். அவர் வெளிநாட்டிலை இருக்கிற சங்கக்காரருக்குக் குடுத்தவர். அவை குறூப்பிலை போட்டிட்டினம்." யதுசன் மேசையில் கிடந்த திருகாணியை உருட்டினான். "இப்ப எத்தினை பேரெண்டு எனக்கே தெரியாது."

"மாத்து. இப்பவே மாத்து."

"கொமிற்றி சொல்லாமல் நான் கை வைக்கேலாது அக்கா. அவையின்ரை காசு. ஒரு நாள் படம் வராட்டியே அங்கையிருந்து எடுத்துக் கத்துவினம்."

சின்னத்தங்கம், பிரான்சில் இருக்கும் உதயகலாவின் கணவன் ஜெயரூபனின் மூத்த அக்கா. தாய் வேளைக்கே செத்துப்போக, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் இப்போது இல்லை. அறுபதை நெருங்கும் வயதிலும் வாழைக்குத் தண்ணீர் கட்டுவாள், இடைக்கன்று வெட்டுவாள், மத்தியானம் தோட்டத்தால் வந்து நெஞ்சுக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நின்று தலையில் வாளி வாளியாக ஊற்றுவாள். அந்த நேரத்தில் உதயகலாகூட அந்தப் பக்கம் போவதில்லை. உதயகலா விசயத்தைச் சொன்னபோது அவள் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து அடுக்கி வைத்தாள்.

"எவ்வளவு காலமா?"

"தையிலையிருந்து எண்டு நினைக்கிறன், மச்சாள்."

"ஆர் ஆர் பாத்தவை?"

"தெரியேல்லை."

"தெரியேல்லை எண்டால்?" என்று சின்னத்தங்கம் கேட்டாள். அன்று அவள் குளிக்கவில்லை. அடுத்த நாள் உதயகலா கிணற்றின் ஒரு பக்கத்துக்குப் பழைய தகரத்தையும் மறுபக்கத்துக்குச் சீலைகளையும் கட்டினாள். கமரா உயரத்தில் இருந்ததால் அது அரைகுறையாகத்தான் மறைத்தது. காற்றுக்குச் சீலை ஒதுங்கிற்று. சின்னத்தங்கம் அங்கே போகவே இல்லை. குசினிக்குள் ஒரு வாளி தண்ணீரை வைத்து, கதவையும் யன்னலையும் சாத்திவிட்டு, வைகாசி வெக்கையில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டாள். பின்பாதையால் தோட்டத்துக்குப் போவதையும் விட்டாள். நாள் முழுக்கக் குசினியில் இருந்தாள். வெளியே வரவேண்டி வந்தால் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, மழைக்கு ஓடுபவள்போல முற்றத்தைக் கடந்தாள்.

உதயகலா பொலிசுக்குப் போனாள். அங்கிருந்தவர் அவளை இருக்கச் சொல்லி மரியாதையாகத்தான் கதைத்தார். "கமரா நல்லதுதானே அம்மா. போன மாசம் ஒரு சைக்கிள் கள்ளனை அதாலைதான் பிடிச்சனாங்கள்."

"கமரா வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆர் பாக்கலாம், ஆர் பாக்கக் கூடாது எண்டதுக்கு ஒரு ஒழுங்கு இல்லையோ எண்டு கேக்கிறன்."

அதற்கு ஏதோ சட்டம் வந்திருப்பதாகக் கேள்வி, தங்களுக்கு இன்னும் ஒன்றும் அறிவிக்கவில்லை என்றார் அவர். சங்கத்தோடு கதைத்துத் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். பிரதேச சபையில் கம்பம் மின்சாரசபையுடையது என்றார்கள். மின்சாரசபையில் கம்பமும் வயரும் எங்களுடையவை, கமரா எங்களுடையதல்ல என்றார்கள். வெயிலில் ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது அவள் கணக்குப் பார்த்தாள். கம்பத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். வயருக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். பார்வைக்குத்தான் ஒருவரும் இல்லை.

சங்கத்தின் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. சுவரில் புதிதாகப் பெரிய ரீவி ஒன்று பூட்டியிருந்தார்கள். சீவரத்தினம் அதில் கோயிலடிக் கமராவைப் போட்டுக் காட்டினார். தேர்முட்டியடியில் யாரோ சைக்கிளைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றுவது தெரிய, சனம் சிரித்து, "உது எங்கடை கனகரத்தினமெல்லே" என்றது. பிறகு சந்திக் கமரா. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரான சீவரத்தினம், இந்த ஊரை இனி ஒரு காக்காயும் ஏமாற்ற முடியாது என்றார். உதயகலா எழுந்தாள்.

"நாலாம் கமராவையும் போடுங்கோ அண்ணை."

"அது இப்ப என்னத்துக்குப் பிள்ளை? நேரம் போகுது."

"இல்லை, போடுங்கோ. சின்னத்தங்கம் மச்சாளைக் கிணத்தடியிலை குளிக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். எல்லாரும் பாக்கட்டும்."

அது பொய். ஆனால் அதைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்தவர்கள் ரீவியிலிருந்து கண்ணை எடுத்தார்கள். சீவரத்தினத்தின் கையிலிருந்த ரிமோட் அப்படியே நின்றது.

"இது பெரியாக்கள் இருக்கிற சபை. கதைக்கிறதை யோசிச்சுக் கதைக்க வேணும்."

"இஞ்சை இருக்கிறது ஊராக்கள். மச்சாளைப் பிறந்த நாளிலையிருந்து தெரிஞ்ச ஆக்கள். இவைக்கு முன்னாலை போடேலாததை, முகம் தெரியாத ஆக்களின்ரை கையிலை என்னெண்டு குடுத்தனீங்கள்?"

சீவரத்தினத்தின் முகம் கறுத்தது. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்ரை மனிசியின்ரை கழுத்திலை வாளை வைச்சவங்கள். இண்டை வரைக்கும் அவ தனிய அறைக்குள்ளை படுக்கிறேல்லை. ஒரு கதவு அடிச்சால் எழும்பிக் குந்துறா. அது உனக்கு விளங்குமோ? ஆரின்ரையோ கிணத்தடிக்காக ஊரைத் திறந்து விடச் சொல்லுறியோ?"

அவர் நடிக்கவில்லை. குரல் உண்மையாகவே உடைந்தது. அது உதயகலாவை ஒரு கணம் நிறுத்தியது. அவருடைய மனைவியை அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். கழுத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

"கழட்டச் சொல்லேல்லை அண்ணை. றோட்டைப் பாக்கட்டும், என்ரை வளவைப் பாக்கக் கூடாது. பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ. ஆர் பாக்கிறதெண்டு பேரை எழுதி இந்தச் சுவரிலை ஒட்டுங்கோ. பாக்கிறவனுக்கு என்ரை குசினிக் கதவு திறக்கிற நேரம் தெரியும். எனக்கு அவன்ரை பேரே தெரியாது. இது என்ன ஞாயம்?"

பின்வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்தி உதயகலாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். யாரோ ஓர் ஆண், "ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி ஏன் பயப்பிடுவான்?" என்று முன்னால் இருந்தவரின் முதுகுக்குச் சொன்னார். கடைசியில் கமராவை வீதிக்குத் திருப்புவது என்றும், பாஸ்வேர்ட்டைப் பற்றி வெளிநாட்டவர்களுடன் கதைத்துச் சொல்வது என்றும் முடிவானது. யதுசன் அங்கேயே போனைத் தடவித் திருப்பினான். உதயகலா வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கமரா ஒழுங்கையின் தார் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னத்தங்கத்தைக் கூட்டி வந்து காட்டினாள். அவள் குசினி வாசலில் நின்றபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அது தானாத் திரும்புமெண்டெல்லே சொன்னனீ."

"ஆராவது திருப்பினால்தான், மச்சாள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கிழமையே வீடியோ வந்தது. ஊர்க்குறூப்பில் யாரோ போட்டதைத் தக்சாயினி அனுப்பியிருந்தாள். உதயகலா கேற்றடியில் நிற்கிறாள். எதிரில் ஒரு மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறார். அவர் ஏதோ சொல்ல, உதயகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான். சத்தமில்லை. கீழே, "கமராவை ஏன் திருப்பச் சொன்னவா எண்டு இப்ப விளங்குதோ?" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள். அதற்குக் கீழே, அந்த மனிதரின் தாடியையும் தொப்பியையும் பற்றி எழுதியவற்றை அவள் ஒருதரம்தான் வாசித்தாள்.

அந்த மனிதர் மக்பூல். யாழ்ப்பாண நகரத்துக்காரர், வாழைக்குலை வியாபாரி. அவருடைய தகப்பனார் ஜெயரூபனின் தகப்பனாரிடம் குலை எடுத்தவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றியபோது மக்பூல் இளந்தாரி. உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போய், நரைத்த தலையோடு திரும்பி வந்தவர். வந்ததும் பழைய தோட்டக்காரரைத் தேடி இந்த ஒழுங்கைக்கு வந்தார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருதரம் அவருடைய சின்ன லொறி வரும். வீடியோவில் லொறியும் குலைகளும் தெரியாதபடி யாரோ ஓரங்களை வெட்டியிருந்தார்கள். அன்று அவர் சொன்னது உதயகலாவுக்கு நினைவிருந்தது. அவர் வீட்டு ஆடு மதிலில் ஒட்டிய தேர்தல் சுவரொட்டியில் வேட்பாளரின் முகத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டதாம். அதற்குத்தான் சிரித்தாள். இதை யாருக்குப் போய்ச் சொல்வது? சந்தையில் பெண்கள் அவளைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். தெரிந்த கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

அடுத்த முறை, காலை வெள்ளெனவே மக்பூலின் லொறி வந்தபோது உதயகலா தோட்டத்தில் நின்றாள். தண்ணீர் இறைக்கும் கரண்ட் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலால் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கேற்றடிக்கு வந்தபோது முகத்தைத் துணியால் கட்டிய ஆட்களோடு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் முடக்கால் திரும்பின. லொறியின் முன்கண்ணாடி முழுக்கப் போய்விட்டது. வேறு வீடுகளில் ஏற்றி வந்த குலைகளை இழுத்து வீதியில் போட்டு மிதித்திருந்தார்கள். மக்பூல் ஓட்டுநர் இருக்கையில் அசையாமல் இருந்தார். அவருடைய தாடியில் கண்ணாடித் துகள் மின்னியது. இடது முழங்கைக்குக் கீழே சேட் சிவந்து ஊறிக்கொண்டு வந்தது.

"ஒண்டுமில்லை தங்கச்சி. கம்பியால ஒரு அடிதான்" என்றார். பிறகு, "நான் இறங்கட்டுமா, போகட்டுமா? அவங்க திரும்பி வருவாங்களா?" என்று கேட்டார். அவர் அப்படி ஒரு கேள்வியை இந்த ஒழுங்கையில் வைத்துத் தன்னிடம் கேட்க நேர்ந்ததுதான் உதயகலாவை உலுக்கியது. அவருடைய கையைச் சீலையால் கட்டும்போது அண்ணாந்தாள். லொறி நின்றது கமராவுக்கு நேர் கீழே.

காயத்துக்குத் தையல் போட்டு மக்பூலை வீட்டுக்கு அனுப்பிய கையோடு அவள் சீவரத்தினத்திடம் போனாள். யதுசனும் அங்கே இருந்தான். சீவரத்தினம் உண்மையில் கலங்கித்தான் இருந்தார். ஆனால் பதிவு இல்லை என்றார்.

"அந்த நேரம் கரண்ட் இல்லையாம் பிள்ளை. கமரா வேலை செய்யேல்லை."

"அண்ணை, அந்த நேரம் என்ரை மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிரம்பி இப்பவும் வழியுது. வந்து பாருங்கோ."

சீவரத்தினம் யதுசனைப் பார்த்தார். யதுசன் நிலத்தைப் பார்த்தான்.

"நான் தேத்தண்ணி குடிச்சதைப் பாத்த கமராவுக்கு, ஒரு மனிசனை அடிச்சது தெரியேல்லையோ?" என்றாள். உள்ளறையிலிருந்து சீவரத்தினத்தின் மனைவி, "ஆர் வந்திருக்கினம்? கதவைப் பூட்டினீங்களே?" என்று கேட்டாள்.

யதுசன் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தான். கேற்றுக்கு உள்ளே வராமல் நின்றான். "பதிவு இருந்தது அக்கா. நான் திறந்து பாக்கப் போகேக்கை அழிஞ்சுபோச்சு. இஞ்சையிருந்து இல்லை. வெளியிலையிருந்து."

"ஆர்?"

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஆரெண்டு அதுக்குத் தெரியாது." போகத் திரும்பியவன் நின்றான். "நீங்கள் ஒருக்கா ஜெயரூபன் அண்ணையோடை கதைச்சுப் பாருங்கோவன். அவர் சொன்னால் கேப்பினம். நாலாம் கமரா அவரின்ரைதானே."

"என்ன?"

யதுசன் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். "அவர்தானே அக்கா காசு அனுப்பி, இந்த ஒழுங்கையிலை போடச் சொன்னவர்" என்றான். அவளுடைய முகத்தைக் கண்டதும் போய்விட்டான்.

ஜெயரூபன் பிரான்சில், பாரிசுக்கு வெளியே, ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறான். போய் ஒன்பது வருடம். விசா இன்னும் சரிவராததால் ஒருதரம்கூட வந்து போகவில்லை. உதயகலா எடுத்தபோது அவன் வேலை உடுப்போடு பின்வாசல் படியில் இருந்தான். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எங்கடை ஒழுங்கைக்குக் கமரா நீங்களோ போடச் சொன்னது?"

"உங்கடை பாதுகாப்புக்குத்தானப்பா" என்றான்.

"கிணத்தடி தெரியிறது உங்களுக்குத் தெரியுமோ?"

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "ஒன்பது வருசம் கலா. போனிலை நீ எனக்கெண்டு ஒரு முகத்தை வைச்சுக்கொண்டு கதைக்கிறாய். நானும் அப்பிடித்தான். அதிலை அப்பிடி இல்லை. நீ கோழி கலைக்கிறாய், தனியக் கதைக்கிறாய், வெயிலுக்குக் கையை நெத்தியிலை வைச்சுக்கொண்டு நிக்கிறாய். வேலைக்குப் போற ரெயினிலை அதைத்தான் பாத்துக்கொண்டு போறனான். வீட்டை போயிட்டு வாற மாதிரி இருக்கும்."

உதயகலா அவனைத் திட்டத்தான் போன் எடுத்தவள். ஆனால் அவன் அந்த ரெயினில் இருக்கும் விதம் அவளுக்குத் தெரிந்தது. கழுத்துப்பட்டி வரைக்கும் குளிர்ச்சட்டை, மடியில் போன், கண்ணுக்குள் இந்த முற்றம். பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது.

"மற்றவையும் பாக்கினம் எண்டு தெரியுமோ?"

"...தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ மறைச்சுக் கட்டிப்போடுவாய்" என்றான் ஜெயரூபன்.

அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். "உங்கடை அக்காவும் அதிலைதான் குளிக்கிறவா" என்றாள். திரையில் அவனுடைய முகம் போய், படியும், ஒரு குப்பைத்தொட்டியும், வெளிறிய வானமும் தெரிந்தன. அவன் போனைக் கீழே வைத்துவிட்டான் போலிருந்தது.

"மக்பூல் நானாவின்ரை வீடியோவும் பாத்திருப்பியள். 'அவர் என்ரை அப்பாவின்ரை காலத்திலையிருந்து எங்களிட்டைக் குலை எடுக்கிறவர்' எண்டு ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரேல்லையோ?"

"அந்தக் குறூப்பிலை ஒண்டு எழுதினால் பத்துப் பேர் பாய்வாங்கள் கலா."

"அவரை அடிச்சு உடைச்சதையும் பாத்தனீங்களோ?"

"இல்லை. சத்தியமா இல்லை. இஞ்சை அப்ப விடியேல்லை. நான் நித்திரை."

அதை நம்புவதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருடத்தில் அவனுடைய ஒரு சொல்லைப் பற்றி அவள் அப்படி யோசித்தது இதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது குசினி வாசலில் சின்னத்தங்கம் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தடியால் போய், பாயை விரித்து, பொழுது சாயுமுன்னமே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மக்பூல் போன் எடுத்தார். கை ஆறி வருகிறது என்றார். "மகன் விடுறானில்ல தங்கச்சி. இனி உங்கட பக்கம் லொறி வராது. குறை நினைக்காதீங்க." வேறு வியாபாரிகளும் அந்த ஒழுங்கைக்கு வரவில்லை. குலைகள் மரத்திலேயே பழுத்து வெடித்தன. அணில் தின்றது போக மிஞ்சியதை உதயகலா ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனாள். ஜெயரூபன் எடுத்த அழைப்புகளுக்கு அவள் பதில் சொல்லவில்லை. சின்னத்தங்கமும் சொல்லவில்லை.

ஆனி மாதத்து ஒரு காலையில் சின்னத்தங்கம் தானாகவே துவாயையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். உதயகலா வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஓசைப்படாமல் நின்று பார்த்தாள். மச்சாள் ஒருதரம் அண்ணாந்து கமராவைப் பார்த்தாள். அது வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி முற்றம் கடந்தாள். வாளிக் கயிற்றில் கை வைத்தாள். அப்போதுதான் மேலே 'ர்ர்ர்' என்று மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. கமராவின் தலை வீதியை விட்டு, வேலியை விட்டு, கொடியை விட்டு ஆறுதலாகத் திரும்பிக் கிணற்றடியில் வந்து நின்றது. சின்னத்தங்கம் துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். எழும்பி ஓடக்கூட முடியாமல், கிணற்றுக்கட்டின் ஓரமாக, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தாள்.

உதயகலா முருங்கையடியில் சாத்தியிருந்த கொக்கத்தடியை எடுத்தாள். கேற்றை அகலத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்தாள். எதிர்வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், "பிள்ளை, உது சங்கத்தின்ரை சொத்து" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பத்தடியில் நின்று நேரே கமராவைப் பார்த்தாள். அது திரும்பி அவளைப் பார்த்தது.

"வடிவாப் பார்" என்றாள்.

முதல் இழுவையில் கொக்கி வழுக்கியது. இரண்டாவதில் கமராவின் கழுத்துக் கம்பியில் மாட்டிற்று. உடம்பின் பாரமெல்லாம் போட்டுத் தொங்கினாள். ஆணி பிடுங்கிக்கொண்டு வர, கமரா கம்பத்தில் மோதி, நிலத்துக்கு வராமல், சுருள் அவிழ்ந்த தன் வயரிலேயே அவளுடைய முகத்தின் உயரத்தில் வந்து தொங்கியது. கண்ணாடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. உள்ளே சிவப்பு வெளிச்சம் அணையவில்லை. இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்கத் தொடங்கியது. எதிர்வீட்டுக்காரரின் வீட்டுக்குள்ளும் ஒரு போன் அடித்தது. அவர் வாயில் நுரையோடு உள்ளே ஓடினார்.

சின்னத்தங்கம் கேற்றடிக்கு வந்திருந்தாள். துவாய் இன்னும் நெஞ்சோடு இருந்தது.

"இப்பவும் அது பாக்குதோ, கலா?"

உதயகலா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் 'ர்ர்ர்' என்ற அந்தச் சத்தம் மறுபடி வந்தது. எங்கோ ஒரு வீட்டில், ஒரு ரெயினில், ஒரு படுக்கையில் இருந்து யாரோ விரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். வயரில் தலைகீழாகத் தொங்கிய வெள்ளைத் தலை இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது, மேலே போகப் பார்த்து முடியாமல் இறங்கியது. வானத்தையும், தாரையும், சருகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு பெண்களையும் தேடிக்கொண்டிருந்தது.